அஞ்சலையின் கார்டில் நான் எழுதிய சொல்

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வுபெற்ற அதே சித்தா பிரிவில் இப்போது மருந்தாளுநராக இருக்கிற பெண். வந்தவள் காபியைக்கூடத் தொடாமல் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர், கர்ப்பப்பைக் கட்டியை நாற்பத்தெட்டே நாளில் கரைக்கும் கஷாயம் என்று ஏதோ ஒரு பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் பேசிக்கொண்டிருந்தார்.

"இவரு பேசறதயே இத்தினி பேரு பாக்கறாங்கம்மா. நீங்க அந்தக் காலத்துலயே ஆபரேஷன் இல்லாம கட்டியக் கரைச்சீங்களாமே. எலவனாசூர்கோட்டைப் பக்கம் இன்னும் சொல்லிக்கினு இருக்காங்க. ஒரு பத்து நிமிஷம் பேசுங்க, நான் எடுக்கறேன்."

சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி இருந்தது எனக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பேர் சாகவில்லை. "பேச மாட்டேன் கவிதா. எழுதித் தரேன். ஆனா நீ கேக்கறது அதுல இருக்காது," என்றேன். அந்தப் பிள்ளை என்னைத் தன்னடக்கக்காரி என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி போனது.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்தாளுநர் படிப்பு படித்தேன். சூரணம் சலிக்கவும், கஷாயம் எட்டில் ஒன்றாக வற்றவைக்கவும், செந்தூரத்தை அரிசி எடை கணக்கில் மடிக்கவும் கற்றுக்கொண்டேன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சுகாதார நிலையத்தின் சித்தா பிரிவில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு அறை. முன்னறையில் மருத்துவர் மாசிலாமணி, பின்னறையில் நானும் மருந்தும்.

அவர் தெற்கத்தி ஆள். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். மலையிலிருந்து அசோகப்பட்டை என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து, ஒடித்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பாதி, பார்க்க அதே மாதிரி இருக்கும் நெட்டிலிங்கப் பட்டையாக இருக்கும். "இதைக் குடிச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாததுதான் கெடுதல்," என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பெரும்பாடு என்று, அளவு மீறிய தீட்டோடு வரும் பெண்கள் அவரிடம் வாய் திறக்கமாட்டார்கள். மாதத் தீட்டைப் பற்றி ஆம்பளையிடம் எப்படிச் சொல்வார்கள். அதனால் பின்னறையில் திரைக்குப் பின்னால் நான் கேட்பேன், நான் பார்ப்பேன், நான் கார்டில் எழுதுவேன். அவர் அந்தக் கார்டைப் பார்த்து மருந்து எழுதுவார். கேட்க வேண்டியதை அவர் வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு எத்தனை துணி, பழம்புடவையா புதுத்துணியா, எத்தனை மடிப்பு, ரத்தம் உறைந்து கட்டியாகப் போகிறதா. பிறகு அடிவயிற்றைத் தொட்டு, கட்டியின் அளவு எலுமிச்சையா, மாங்காயா, தேங்காயா என்று எழுத வேண்டும். கடைசியாக மூன்று இடம்: நகம், நாக்கு, கீழிமை.

"நகத்துல மருதாணி இருக்கும், நாக்குல வெத்தல இருக்கும். இமைக்கு யாரும் சாயம் பூசறதில்ல சரோஜா. இழுத்துப் பாரு. வெளுத்திருந்தா உடம்புல ரத்தம் இல்லன்னு அர்த்தம், நம்ம மருந்து வேண்டாம். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிடணும்." இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது.

இன்னொன்றும் சொல்வார். "கட்டி கரையும்னு நீ யாருக்கும் சொல்லாதே. ரத்தம் போறது குறையும், வலி குறையும். தீட்டு நிக்கிற வயசு நெருங்கினவங்களுக்கு அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க நம்ம மருந்து உதவும். அப்புறம் கட்டி தானே சுருங்கும். அவ்வளவுதான் நம்ம வித்தை."

கரியாலூர்ப் பக்கம் வாரம் ஒரு நாள் முகாம் போவோம். ஒருமுறை குப்பாயி என்ற மலைக்காரப் பெண் பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பி, மேடும் பள்ளமுமாக நடந்து வந்திருந்தாள். தலையில் கடுக்காய் மூட்டை வேறு. இமையை இழுத்தேன், வெளுத்திருந்தது. அப்படியே எழுதினேன். அவர் ஒரு பொட்டலம்கூடக் கொடுக்காமல் சீட்டு எழுதி, அவளை ஜீப்பிலேயே கீழே கூட்டிப்போய்ப் பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்மகிட்ட மருந்து இல்லாமலா சார் போச்சு? நம்பி வந்தவள இங்கிலீஷ் வைத்தியக்காரன்கிட்ட தள்ளிட்டீங்களே."

"ஓட்டப் பானைய அடைக்கறதுக்கு முன்னால பானைக்குள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கணும். அவகிட்ட மிச்சமே இல்லம்மா."

மூன்று மாதம் கழித்துக் குப்பாயி நடந்தே வந்தாள். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து, ஆள் தேறியிருந்தாள். ஒரு படி தினையை அவர் மேசையில் கொட்டினாள். அவர் ரத்தம் ஊற அன்னபேதி செந்தூரத்தைத் தேனில் சாப்பிடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "இப்பதான் நம்ம வேல ஆரம்பிக்குது," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அப்போதும் முழுதாக ஏறவில்லை.

அஞ்சலை வந்தது அதற்கு அடுத்த வருஷம். வடக்கனந்தல்காரி, நாற்பத்துநாலு வயது. புருஷன் ஏழுமலை சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துக் கரும்பு போட்டிருந்தார். ஒரே பெண் மல்லிகா. அஞ்சலையின் அடிவயிற்றில் மாங்காய் அளவுக்குக் கட்டி கைக்கே தட்டுப்பட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டவுனில் சொல்லிவிட்டார்கள்.

"எங்க தெருவுல ஒருத்தி எடுத்துக்கினா டாக்டரம்மா. இன்னிக்கி வரைக்கும் குனிஞ்சி ஒரு நாத்து நட முடியல. நான் கழனிக்குப் போவலைனா எங்க வூடு இன்னா ஆவறது? நீதான் இன்னா கஷாயமோ குடுத்துக் காப்பாத்தணும்," என்றாள்.

டாக்டரம்மா என்று கூப்பிட்டதைக் கவனியுங்கள். முதலில் எல்லாம் திருத்துவேன். நான் டாக்டர் இல்லம்மா, மருந்து கொடுக்கிறவ என்பேன். அந்தக் காலத்தில் எப்போதோ திருத்துவதை நிறுத்திவிட்டிருந்தேன். எப்போது என்று நினைவில்லை, அதுவே போதும் என் யோக்கியதையைச் சொல்ல.

அஞ்சலையின் இமை அன்று சிவப்பாகத்தான் இருந்தது. மருத்துவர் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார், ஒரு நிபந்தனையோடு. பத்து நாளைக்கு ஒருமுறை வர வேண்டும், துணி கூடினாலோ இமை வெளுத்தாலோ அன்றைக்கே சீட்டு. அசோகப்பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். வாழைப்பூ, அத்திப்பிஞ்சு, முருங்கைக்கீரை என்று பத்தியம். கூடவே செந்தூரம். இரண்டு மாதத்தில் ஏழு துணி மூன்றாகக் குறைந்தது. வலியும் கம்மி. அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அது பொய்யில்லை.

பொய் அதற்குப் பிறகுதான். துணி குறைந்ததை நான் கட்டி கரைந்ததாகச் சொல்ல ஆரம்பித்தேன். பஸ்ஸில் சொன்னேன், சந்தையில் சொன்னேன். அஞ்சலையும் தன் பங்குக்கு ஊரெல்லாம் சொன்னாள். எலவனாசூர்கோட்டை வரைக்கும் பேச்சுப் போய், அங்கிருந்தெல்லாம் பெண்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். மருத்துவரைக் கேட்கவில்லை. "கட்டி கரைக்கிற அம்மா இருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாவது மாதம் அஞ்சலை வந்த அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. மல்லிகா வயதுக்கு வந்து, இரண்டு நாளில் சடங்கு வைத்திருந்தார்கள். வீடு முழுக்க உறவு. அஞ்சலையின் பத்து விரலிலும் மருதாணி ரத்தமாகச் சிவந்திருந்தது. வாய் நிறைய வெற்றிலை. பின்னறைப் பெஞ்சில் எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "இந்தம்மாவுக்குத்தான கரைஞ்சுது?" என்று கேட்டாள். அஞ்சலை பெருமையாகத் தலையாட்டிவிட்டுத் திரைக்குள் வந்தாள்.

"எத்தினி துணி?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எட்டு ஆவுதும்மா. நாலு நாளா. கட்டிகட்டியாப் போவுது. எழுந்தா கண்ண இருட்டிக்கினு வருது."

இமையை இழுத்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அவளுக்கும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சீட்டு குடுத்துறாதம்மா. ஒரே பொண்ணு. சடங்கு முடிஞ்ச மறுநாளே நானே வந்து வாங்கிக்கினு போறேன். சத்தியமா."

நான் கார்டில் எழுதினேன். துணி: மூன்று. நகம்: சிவப்பு. நாக்கு: சிவப்பு. இமை: சிவப்பு.

மருத்துவர் கார்டைப் படித்தார். வாசலில் நின்றவளின் கையைப் பார்த்தார். "மருதாணி போட்டிருக்காளே. இமைய இழுத்துப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன் சார்."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன் சார்."

அவர் அதே மருந்தைத் தொடர எழுதினார். இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தாயின் ஆசை, இரண்டு நாள்தானே என்று. அதெல்லாம் சப்பைக்கட்டு. அவள் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்பதுதான் என் மனசில் இருந்தது. டாக்டரம்மா என்ற பேரை விட மனசு வரவில்லை. இரக்கமாக இருந்திருந்தால் சடங்கு முடிந்த மறுநாள் நானே அவள் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

சடங்கு முடிந்த மறுநாள் பஸ் ஓடவில்லை. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரு வாரம் சாலையை மறித்த நேரம் அது. வழியெல்லாம் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். சைக்கிளைக்கூடத் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். அவர்கள் கேட்டது நியாயமா, கேட்ட விதம் நியாயமா என்று பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை, நான் சொல்ல வேண்டியது வேறு.

மறியலின் மூன்றாம் நாள் பகலில் அஞ்சலையைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். பக்கத்தில் இருந்தது எங்கள் நிலையம்தான். கட்டிலுக்குக் கீழே சொட்டிக்கொண்டே வந்தது. மல்லிகா புதுப்பாவாடையோடு கூடவே ஓடிவந்தாள், கையில் மருதாணி அழியவில்லை. நிலையத்து அலோபதி மருத்துவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வர வழியில்லை. நர்ஸ் சலைன் ஏற்றினாள். அன்றைக்கு மாசிலாமணி ஐயா என்னைக் கேட்கவில்லை. தானே குனிந்து அஞ்சலையின் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது நாலஞ்சு நாள்ல வர்ற வெளுப்பு இல்ல," என்றார்.

கட்டிலைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடந்தோம். அவர் சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் மரத்தைச் சுற்றிக் கழனியில் இறங்கி ஏறினோம். இரண்டாவது மரம் பெரியது, இரண்டு பக்கமும் வாய்க்கால். கிளையெல்லாம் பச்சையாக விரிந்து கிடந்தது. அதன்மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஏழுமலை, மறியல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே போகாதவர். பக்கத்தில் கோடாலி.

யாருடைய கட்டிலோ என்றுதான் அவர் இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கோடாலியை எடுத்து, தான் சாய்த்த மரத்தையே கண்மண் தெரியாமல் வெட்ட ஆரம்பித்தார். அது ஒரு நாளில் வெட்டி முடிக்கிற மரமா. மற்றவர்கள் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அடுத்த மரம் வருவதற்குள் மருத்துவர் பாட்டிலைக் கீழே இறக்கிவிட்டார். அஞ்சலை போய்விட்டாள்.

மல்லிகா அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "நீ வெட்டன மரந்தான," என்று மட்டும் கேட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்றார். நான் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம்.

மறுவாரம் அஞ்சலையின் கார்டை எடுத்து வைக்கப் போனேன். நான் எழுதிய வரிக்குக் கீழே சிவப்பு மையில் மருத்துவரின் கையெழுத்து இருந்தது. "நான் நேரில் பார்க்கவில்லை. தவறு என்னுடையது." கையெழுத்தும் போட்டிருந்தார். கார்டோடு அவர் அறைக்குப் போய் நின்றேன். "போய் வேலையப் பாரும்மா," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணின் இமையையும் அவரே பார்த்தார். வெட்கப்பட்டவர்களிடம், "கண்ணத்தானம்மா பாக்கறேன், உன் தீட்டையா கேக்கறேன்," என்பார். மாற்றலாகிப் போகும்வரை என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆக, என் பழியை இரண்டு ஆம்பளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் பதவி உயர்வு வாங்கினேன். ஓய்வு பெறும் நாளில் மாலையும் போட்டார்கள்.

ஏழுமலை அந்த இடத்திலேயே ஒரு புளியங்கன்றை நட்டார். முள்வேலி போட்டு, தினமும் காலையில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். நான் வேலைக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். போகும்போது கன்று இடது பக்கம் வரும். நான் அத்தனை வருஷமும் போகையில் வலது பக்க சீட்டிலும் திரும்புகையில் இடது பக்க சீட்டிலும் உட்கார்ந்தேன், இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு போனேன்.

கவிதா வந்துபோன அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறி அந்த மரத்தடியில் இறங்கினேன். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவு மரமாகியிருந்தது. இனி அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, ஆனாலும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய கிழவர். என்னை உடனே தெரிந்துகொண்டார்.

"வாங்க டாக்டரம்மா. இன்னா இம்மாந்தூரம்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுத் துணி, வெளுத்த இமை, பெஞ்சில் இருந்த பெண்கள், நான் எழுதிய சொல், எதையும் விடவில்லை. சீட்டு கொடுத்திருந்தால் சாலை மறிப்பதற்கு முன்பே அவளுக்கு ரத்தம் ஏற்றியிருப்பார்கள் என்றும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் மரத்தின் வேரைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"எம்பொண்ணு எங்கிட்ட பேசறதில்லம்மா. அன்னிக்கிப் பேசனதுதான். கண்ணாலத்துக்குக்கூட தாய்மாமன்தான் முன்ன நின்னாரு. பேரன் பேத்தி மொகத்த நான் பாத்ததில்ல. கோட்டைல இருக்கா, எலவனாசூர்கோட்டைல." வேரிலிருந்து கையை எடுத்தார். "எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்றியாம்மா?"

பழியை மட்டும்தான் அவர் சுமந்தார் என்று நினைத்திருந்தேன். பெற்ற பெண்ணையும் இத்தனை வருஷம் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையே.

இரண்டு பேரும் ஒன்றாகவே பஸ்ஸில் போனோம். அவர் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி, தெருமுனை பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் போனேன். மல்லிகாவுக்கு இப்போது தன் அம்மாவைவிட வயது அதிகம். அதே முகம். யாருங்க என்று கேட்டாள். சொன்னேன். நாற்காலி எடுத்துப் போட்டாள், உட்காருங்க, தண்ணி கொண்டாறேன் என்று உள்ளே திரும்பினாள். "நான் சொல்றத மொதல்ல கேட்டுடும்மா," என்றேன்.

அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"மரம் இல்லன்னா கூட எங்கம்மா செத்துப்போயிருக்குமா?"

"நான் அன்னிக்கே உண்மைய எழுதியிருந்தா, மரம் விழறதுக்கு முன்னாலயே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்பா."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டேன். எழுபது வயதில் ஒரு பெண் முன்னால் தலை குனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அதை முப்பது வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

"அவரு எங்க இப்ப?"

"பஸ் ஸ்டாப்புல உக்காந்துகினு இருக்காரு. உள்ள வரமாட்டேன்னுட்டாரு."

அவள் உள்ளே போனாள். குடத்தில் சொம்பு முங்குகிற சத்தம் கேட்டது. நிறைந்த சொம்போடு வெளியே வந்தாள். என்னைத் தாண்டினாள், செருப்புப் போடவில்லை, வெயிலில் தெருமுனையைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஓடினாள். சொம்புத் தண்ணீர் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போனது.

எனக்கு நாக்கு வறண்டிருந்தது. அந்த வீட்டில் தண்ணீர் கேட்க எனக்கு வாய் இல்லை. நாற்காலியை இருந்த இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அவர்கள் இருந்த பக்கம் போகாமல் வேறு தெரு வழியாக நடந்தேன்.